அஞ்சும் முதிய பூனைக்கு ஏற்ற விளையாட்டுப் பொருள்



வயது முதிர்ந்த, அச்ச இயல்பு மிகுந்த பூனைக்கு ஏற்ற விளையாட்டுப் பொருளைக் கண்டறிவது எப்படி என்பதே இன்றைய சொற்பொழிவின் பொருள். இது ஓர் அவையைக் கூட்டிப் பேசத் தக்க பொருள்தானா என்று வினவுவோர் இருக்கலாம். பேசத் தக்கதே. ஒரு வீட்டில் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்து, எலிகளிடமிருந்து தானியத்தைக் காத்து, இப்போது கட்டிலுக்கு அடியிலோ அரிசி மூட்டைக்குப் பின்னாலோ பகல் முழுவதையும் கழிக்கும் ஓர் உயிர், எஞ்சிய ஆண்டுகளையும் அஞ்சியே தீர்க்க வேண்டுமா, நாளில் சில நிமிடங்களேனும் தன் இயல்போடு வாழ வேண்டுமா என்ற கேள்வி இதனுள் அடங்கியிருக்கிறது. அந்தக் கேள்விக்கு விடை கடையில் இல்லை என்பதும், பூனையின் அச்சத்தையும் உடலையும் முதலில் அறிந்துகொண்டவர்க்கு அவ்விடை பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிடும் என்பதும் இவ்வுரை சொல்ல வரும் செய்தி.

இவ்வுரை நிகழும் ஏற்காடு, சேர்வராயன் மலையில் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். 1820-களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பிப் பயிரைக் கொண்டுவந்த பின்னர் எழுந்த பங்களாக்கள், தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள், அவற்றுக்கெல்லாம் முன்பே சாமையும் கேழ்வரகும் விளைவித்துச் சேமித்து வாழ்ந்த மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் என்று தானியமும் எலியும் இருந்த இடமெல்லாம் பூனைக்கும் வேலை இருந்தது. துணிவுள்ள இளம் பூனைக்கு இம்மலையில் குறை ஏதுமில்லை. அஞ்சும் முதிய பூனைக்கு எப்படி? தகரக் கூரையின் மேல் கொட்டும் மழை, ஓட்டின் மேல் தாவிச் செல்லும் குரங்குக் கூட்டம், வாசலில் சண்டையிடும் நாய்கள், கோடை விழாக் காலத்தில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வந்து நெரியும் வண்டிகளின் ஹாரன், தீபாவளி வெடி என ஆண்டு முழுவதும் அதற்கு ஒளிந்துகொள்ளவே காரணங்கள் கிடைக்கின்றன. பூனை தானாகத் தேடிப் போக முடியாத வேட்டையை வீட்டின் பாதுகாப்புக்குள் கொண்டுவந்து தருவதே விளையாட்டு என்பதால், இம்மலையில் அத்தகைய பூனைக்கு விளையாட்டு கூடுதலாகவே வேண்டும்.

விளையாட்டு என்பது வேட்டை என்று சொல்வது ஏன்? பூனைக்குட்டி நூலைத் துரத்துவதையும் காய்ந்த இலையின் மேல் பாய்வதையும் காண்பவர்கள் அதைக் குழந்தையின் குறும்பு என்று கொள்வது இயல்பே. ஆனால் அந்தக் குறும்பின் ஒவ்வோர் அசைவும் வேட்டையின் ஓர் அசைவு. உற்று நோக்குதல், உடலைத் தரையோடு தாழ்த்திப் பதுங்குதல், பின்னங்கால்களை ஊன்றி நிலைப்படுத்துதல், பாய்தல், முன்கால்களால் பற்றுதல், கடித்தல் என்னும் வரிசை இரண்டிலும் ஒன்றே. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் சாரா ஹால், ஜான் பிராட்ஷா ஆகிய ஆய்வாளர்கள் வளர்ந்த பூனைகளின் விளையாட்டை ஆராய்ந்து 1998-இல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் தெளிவாக்கிற்று. பசி கூடும்போது பூனைகள் பொம்மையோடு விளையாடும் வேகமும் கூடியது. வயிறு நிறைந்திருந்த வேளையில் எட்ட நின்று அஞ்சிய பெரிய பொம்மையையும், பசி வந்தபோது நெருங்கத் துணிந்தன. இரைக்கான தூண்டுதலும் விளையாட்டுக்கான தூண்டுதலும் பூனையின் மனத்தில் ஒரே ஊற்றிலிருந்து எழுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டியதில்லை. பெரிய பொருளுக்குப் பூனை அஞ்சுகிறது என்பதும், உணவுக்குச் சற்று முந்திய வேளையில் அவ்வச்சம் தணிகிறது என்பதும் ஏற்காட்டு வீடு ஒன்றில் இன்று மாலையே பயன்படுத்தத் தக்க செய்திகள்.

அச்சம் எங்கிருந்து வருகிறது? பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரையிலான குறுகிய காலத்தில் மனிதக் கையின் தொடுதலை அறியாமல் வளர்ந்த குட்டி, பின்னாளில் மனிதரோடு பழகுவது கடினம் என்பது விலங்கு நடத்தை அறிஞர்கள் பலரும் உறுதிசெய்த உண்மை. விறகு அடுக்குக்குள்ளும் காப்பி மூட்டைக் கிடங்கிலும் ஈன்றெடுக்கப்பட்டு, கண்ணில் படாமலே வளர்ந்த பூனைகள் இம்மலையில் எத்தனை! அதற்கும் மேலாக, துணிவும் அச்சமும் ஓரளவு தந்தைப் பூனையின் வழியே குட்டிக்கு இறங்குகின்றன என்பதை சாண்ட்ரா மெக்கியூன் 1995-இல் வெளியான தம் ஆய்வில் காட்டினார். ஆகவே பன்னிரண்டு ஆண்டுகள் சோறு வைத்த பின்னரும் விருந்தினரைக் கண்டதும் ஓடி மறையும் பூனையை நன்றியற்றது என்று ஏசுவதில் நியாயம் இல்லை. அது கேட்டுப் பெற்ற இயல்பும் அன்று. விரும்பி வளர்த்துக்கொண்ட பழக்கமும் அன்று.

அச்சத்தோடு முதுமையும் சேரும்போது செய்தி மாறுகிறது. பத்து வயதைக் கடந்த பூனையை முதிய பூனை என்று கால்நடை மருத்துவர்கள் கொள்கின்றனர். அமெரிக்காவில் எலிசபெத் ஹார்டியும் உடன் ஆய்வாளர்களும் பன்னிரண்டு வயதைக் கடந்த 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்து 2002-இல் வெளியிட்ட முடிவின்படி, அவற்றுள் 90 பூனைகளிடம் மூட்டுத் தேய்வின் அடையாளங்கள் இருந்தன. எண்ணிப் பார்க்க வேண்டிய அளவு இது. ஆனால் எத்தனை வீடுகளில் பூனைக்கு மூட்டு வலி என்ற பேச்சு எழுந்திருக்கிறது? பூனை நொண்டிக் காட்டுவதில்லை, முனகுவதில்லை. அலமாரியின் மேல் ஏறுவதை நிறுத்திக்கொள்கிறது, நாற்காலிக்குத் தாவும் முன் ஒரு கணம் தயங்குகிறது, முதுகின் பின்பகுதியை நக்கிச் சுத்தம் செய்யாமல் மயிர் சிக்குப்பிடிக்க விடுகிறது, அவ்வளவே. அதைப் பார்ப்பவர்கள் வயதாகிவிட்டது, சோம்பல் வந்துவிட்டது என்று சொல்லி நகர்ந்துவிடுகின்றனர்.

இவ்விடத்தில் ஏற்காட்டின் குளிரையும் கணக்கில் கொள்ள வேண்டும். வெப்பத்தைக் காக்க உடல் கூடுதலாக உழைக்கத் தேவையில்லாத சூழல் வெப்பம் பூனைக்கு ஏறக்குறைய 30 முதல் 38 டிகிரி செல்சியஸ் வரை என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. மனிதர் வியர்த்து விசிறியைத் தேடும் வெப்பமே பூனைக்கு இதமான வெப்பம். மார்கழி, தை மாதங்களின் காலைப் பனியில் இம்மலை அந்த அளவுக்கு வெகு கீழே நிற்கிறது. அடுப்படியை விட்டு நகராத பூனையைப் பிடிவாதம் என்று எண்ணலாகாது. அதன் மூட்டுகள் அந்த வெதுவெதுப்பைக் கேட்கின்றன. குளிர்ந்த சிமெண்டுத் தரையில், குளிர்ந்த காலையில், பொம்மையை ஆட்டி அதை எழுப்ப முயல்வது வீண் முயற்சி. அடுப்பின் அருகில், கோணிச் சாக்கின் மேல், உடல் சூடேறிய பின் என்று இடத்தையும் வேளையையும் மாற்றினால் அதே பூனை அதே பொம்மைக்குத் தலை நிமிர்த்துவதைக் காண முடியும்.

விளையாட மறுக்கும் முதிய பூனையை முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல் நோய், சிறுநீரகக் கோளாறு, தைராய்டு மிகைச் சுரப்பு, கண் பார்வையைப் பறிக்கும் உயர் இரத்த அழுத்தம் ஆகியவை முதுமையில் பூனையைத் தாக்கும் நோய்கள். ஒவ்வொன்றும் வெளியிலிருந்து பார்ப்போர்க்குக் கூச்சமாகவும் சோர்வாகவும் தோன்றும். நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சேலம் மாவட்டத்திலேயே தலைவாசலில் ஒரு கல்லூரி வந்துவிட்டது. வலிக்கு என்று மனிதர் உண்ணும் பாராசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டைக் கூடப் பூனைக்குக் கொடுக்கலாகாது. அதைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு இல்லாததால் அது உயிரையே பறிக்கும்.

இனி விளையாட்டுப் பொருளுக்கு வருவோம். நகரத்துக் கடையில் பூனைக்கென்று விற்கப்படும் ஒரு பொம்மையை மனக்கண்ணில் நிறுத்துக. உள்ளங்கையைவிடப் பெரியது, செக்கச் சிவந்த நிறம், கழுத்தில் மணி, அழுத்தினால் கீச்சென்று கத்தும் குழல், விலை கூடினால் மின்கலத்தால் தானே துள்ளும் இயந்திரம். இவற்றுள் எது பூனைக்காகச் செய்யப்பட்டது? நிறமா? பூனையின் கண் நீலத்தையும் மஞ்சளையும் பிரித்தறியும். சிவப்பு அதற்கு மங்கிய சாயலே. ஒலியா? மனிதச் செவி நொடிக்கு 20,000 அதிர்வு வரை கேட்கும் என்றால் பூனையின் செவி ஏறத்தாழ 64,000 வரை கேட்கும். மண்ணுக்கடியில் எலி எழுப்பும் நுண்ணொலிக்காக அமைந்த அந்தச் செவியின் அருகே மணியை அடிப்பதும் குழலைக் கத்தவிடுவதும் அஞ்சும் பூனையை விரட்டுவதற்கே உதவும். அளவா? இயற்கையில் பூனை நாடும் இரை சுண்டெலியும் வெட்டுக்கிளியும் ஓணானும் போன்ற சிற்றுயிர். தன் தலையைவிடப் பெரிதாக, தானே துள்ளி, தன்னை நோக்கி வரும் ஒன்றைப் பூனை இரை என்று கொள்ளுமா, எதிரி என்று கொள்ளுமா? வாங்கியவரின் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட பொருள் அது. வாங்குபவர் மகிழ்கிறார், பூனை அலமாரிக்குப் பின்னால் போய்விடுகிறது.

சிறியது, மெல்லியது, ஒலி அடங்கியது, விலகிச் செல்வது, பிடிபடுவது: அஞ்சும் முதிய பூனைக்கான பொருளின் இலக்கணம் இவ்வளவே. இவ்விலக்கணத்துக்குப் பொருந்தும் ஒன்றைச் செய்து பார்க்கலாம். பழைய பருத்தி வேட்டியின் கரை நீங்கலாக, பெருவிரல் அகலத்தில், முழங்கை நீளத்தில் ஒரு துணி நாடாவைக் கிழித்தெடுக்க வேண்டும். அதன் ஒரு முனையில் இரண்டு முடிச்சுகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டால் சுண்டெலிக் குஞ்சின் பருமன் வந்துவிடும். மறுமுனையை மூன்றடி நீள மூங்கில் குச்சியில் இறுகக் கட்ட வேண்டும். குச்சியின் நீளம் முக்கியமானது. மனிதக் கையை அஞ்சும் பூனைக்கும் அக்கைக்கும் நடுவே அந்த மூன்றடி இடைவெளி இருந்தால்தான் அது துணியைப் பார்க்கும், இல்லையேல் கையையே பார்த்துக்கொண்டிருக்கும். செய்து முடித்ததும் ஆட்டத் தொடங்கலாகாது. சோப்பு வாடையும் பிறர் கை வாடையும் உள்ள புதுப்பொருள் பூனைக்கு அயலார். அது தூங்கும் சாக்கின் ஓரத்தில் துணியைச் சில நாள் கிடத்தி வைத்தால் பூனையின் சொந்த வாசம் அதில் ஏறிவிடும். கன்னத்தால் ஒருமுறை உரசிச் சென்றதென்றால் அந்தப் பொருள் அதன் உலகத்துக்குள் வந்துவிட்டது என்று பொருள்.

பின்னர் அசைவு. பலரும் தவறும் இடம் இதுவே. துணியைப் பூனையின் முகத்துக்கு நேரே ஆட்டுவதும், அதன் மேல் போட்டு உரசுவதும் எங்கும் காணும் வழக்கம். எந்த எலி பூனையின் மூக்கின் மேல் வந்து ஏறும்? இரை விலகிச் செல்லும், மறையும், நிற்கும், மீண்டும் ஓரடி நகரும். பூனையின் கண்ணோ ஏறத்தாழ 25 சென்டிமீட்டருக்குள் இருக்கும் பொருளைத் தெளிவாகக் காண்பதில்லை. முதுமையில் கண்வில்லை கெட்டிப்படுவதால் அந்தக் குறை மேலும் கூடுகிறது. ஆகவே இரண்டு, மூன்றடி தொலைவே அதற்குப் பார்வைக்கும் உகந்தது, மனத்துக்கும் உகந்தது.

காட்சியை அருகிலிருந்து பார்ப்பது நல்லது. பூனை ஓர் அட்டைப் பெட்டிக்குள் இருக்கிறது. அதன் எதிரே பழைய நாளிதழ் ஒன்று விரித்துக் கிடக்கிறது. நாளிதழின் கீழே துணி முடிச்சு ஒரு விரற்கடை நகர்கிறது, தாள் மெல்லச் சரசரக்கிறது, நின்றுவிடுகிறது. பெட்டிக்குள் எதுவும் நடக்கவில்லை என்றே தோன்றும். ஆனால் செவிமடல்கள் இரண்டும் முன்னே திரும்பியிருக்கின்றன. மறுபடி ஒரு சரசரப்பு. மீசை மயிர்கள் கன்னத்தை விட்டு முன்னோக்கி விரிகின்றன; கண்மணி அகலுகிறது; வாலின் நுனி மட்டும் இடமும் வலமுமாக அசைகிறது. இப்போது முடிச்சு தாளின் ஓரத்தில் தலை காட்டி, உள்ளே இழுபடுகிறது. ஆட்டுபவர்க்குப் பொறுமை வேண்டிய கணம் இது. இன்னும் வேகமாக ஆட்ட வேண்டும் என்று கை துடிக்கும், ஆட்டலாகாது. ஒரு நிமிடம் அசைவில்லாமல் இருந்தபின், பெட்டியிலிருந்து ஒரு முன்கால் நீண்டு வந்து தாளின் மேல் படிகிறது. அந்தக் காலின் கீழ் முடிச்சை விட்டுவிட வேண்டும். பிடிபட வேண்டும். கடித்து, மோந்து, சலிக்கும் வரை அதைத் தன் பிடியில் வைத்துக்கொள்ள விட வேண்டும். பூனை பாயவில்லை, ஓடவில்லை, ஒரு காலை மட்டுமே நீட்டியது என்று குறைபட ஒன்றுமில்லை. தேய்ந்த மூட்டுகளோடு வாழும் உயிருக்கு அது முழு வேட்டை.

பிடிபடாத இரை பூனையை ஏங்க வைக்கிறது என்பதாலேயே சுவரில் ஓட்டும் லேசர் ஒளிப்புள்ளி இத்தகைய பூனைக்கு ஆகாது. எவ்வளவு துரத்தினாலும் அதில் பற்றுவதற்கு ஒன்றும் இல்லை. கண்ணில் பட்டால் கேடும் உண்டு.

அட்டைப் பெட்டி என்று மேலே சொல்லப்பட்டதே, அது வெறும் மேடைப் பொருள் அன்று. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளுள் ஒளிந்துகொள்ளப் பெட்டி பெற்றவை, பெறாதவற்றைவிட விரைவில் அமைதி அடைந்தன. ஒளிய இடம் கொடுத்தால் பூனை வெளியே வராது என்ற எண்ணம் பலரிடம் உண்டு; உண்மை அதற்கு நேர் எதிரானது. திரும்பி ஓட இடம் உண்டு என்று தெரிந்த பூனையே வெளியே கால் வைக்கும். மளிகைக் கடையில் வேண்டாமென்று வீசும் பெட்டியில் இரண்டு வாயில்களை வெட்டி, உள்ளே பழைய கம்பளித் துண்டு ஒன்றை விரித்துவிட்டால், எந்தப் பொம்மையைவிடவும் அதுவே இவ்வுயிருக்கு முதற்பொம்மை. இரண்டு வாயில் என்பது ஏன்? ஒரே வாயில் உள்ள பெட்டி சிக்கிக்கொள்ளும் இடமாகிவிடும். கீழே இறங்கி ஏறும் சிரமம் இல்லாதபடி வாயில் தரையோடு இருக்க வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் பூனையைக் கையை விட்டு இழுத்து வெளியே எடுப்பது அதுவரை சேர்த்த நம்பிக்கை அனைத்தையும் ஒரு நொடியில் அழித்துவிடும். தாய்ப்பூனை குட்டியைக் கழுத்தில் கவ்வித் தூக்குவதை வைணவ ஆசாரியர்கள் மார்ச்சார நியாயம் என்று எடுத்தாண்டது தமிழ்நாடு அறிந்த செய்தி; ஆனால் அந்தக் கவ்வல் குட்டிக்கு உரியது. வளர்ந்த பூனையை, அதிலும் முதிய பூனையைக் கழுத்துத் தோலில் பற்றித் தூக்குவது அச்சத்தையும் வலியையும் தவிர வேறெதையும் தராது.

வாசம் பற்றியும் சொல்ல வேண்டும். மேலை நாடுகளில் பூனைப்புதினா என்னும் செடியின் உலர்ந்த இலையைப் பொம்மைக்குள் திணித்து விற்பார்கள். அதிலுள்ள நெப்பெட்டலாக்டோன் என்னும் வேதிப்பொருளின் மணத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு பூனைகள் மயங்கிப் புரளும், மற்றவை திரும்பியும் பாரா. அது பிறவியில் வருவது. தமிழ்நாட்டுத் தெருவோரத்தில் யாரும் நடாமலே முளைக்கும் குப்பைமேனிக்கும் இத்தகைய ஆற்றல் உண்டு. சித்த மருத்துவ நூல்களில் அதற்குப் பூனைவணங்கி என்ற பெயரும் வழங்குகிறது. செடியைப் பிடுங்கி வேரை வெளியே காட்டினால் பூனை வந்து முகர்ந்து, உரசிப் புரளுவதைக் கண்டவர்கள் பலர். சேலத்திலிருந்து மேலே வருவோர் அடிவாரத்திலேயே பறித்து வரலாம். வேரை மண் போகக் கழுவி, நிழலில் உலர்த்தி, நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் சிறு முடிப்பாகத் தைத்துப் பூனையின் அருகே வைத்தால் போதும். தின்னத் தருவதற்கு உரியதன்று அது, முகர்வதற்கு மட்டும். அரைமணி நேரத்தில் எடுத்து மூடிய டப்பாவில் வைத்துவிட வேண்டும். எல்லாப் பூனைக்கும் இது பிடிக்கும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம்.

மலையில் கிடைக்கும் எல்லாமே பூனைக்கு ஆகுமா? ஆகாது, சில பொருள்கள் உயிருக்கே உலை வைப்பவை. உலர்ந்த காப்பிக் கொட்டை தரையில் அழகாக உருளும். காலால் தட்டினால் ஓடும். ஆனால் அதிலுள்ள காஃபீன் பூனையின் இதயத்தைப் படபடக்க வைத்து வலிப்பு வரை கொண்டுசெல்லும் நஞ்சு. ஏற்காட்டு ஆரஞ்சின் தோலில் உள்ள எண்ணெயும், மலைக் கடைகளில் சுற்றுலா வருவோர் வாங்கிச் செல்லும் யூகலிப்டஸ் தைலமும் அவ்வாறே. பொம்மைக்கு மணம் ஏற்றுவதாக எண்ணி ஒரு சொட்டுக் கூட விடலாகாது. தோட்டத்து லில்லிப் பூவின் மகரந்தம் ஒட்டிய உடலை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கும்.

நஞ்சைவிடக் கொடியது நூல். நூற்கண்டோடு விளையாடும் பூனையின் படம் நாட்காட்டியிலும் வாழ்த்து அட்டையிலும் எங்கும் காணப்படுகிறது. அந்தப் படம் செய்த கேடு பெரிது. பூனையின் நாக்கில் உள்ள முட்கள் தொண்டையை நோக்கி வளைந்தவை. வாய்க்குள் போன நூலை அதனால் எளிதில் துப்ப முடியாது. விழுங்கியே தீர வேண்டும். விழுங்கிய நூலின் ஒரு முனை எங்கேனும் சிக்கிக்கொள்ள, மறுமுனையைக் குடல் உள்ளே தள்ள, சுருக்குப் பையின் நாடாவை இழுத்தாற்போலக் குடல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கி, நூல் அறுத்துத் துளை விழுந்துவிடும். தையல் நூல், பூத் தொடுத்த நூல், வாழை நார், பட்டுச் சேலையின் சரிகை இழை, பலகாரக் கடைப் பொட்டலத்தின் சணல், ரப்பர் பேண்ட் யாவும் இதில் அடங்கும். வாயிலோ ஆசனவாயிலோ நூலின் முனை தெரிந்தால் இழுக்கவே கூடாது. அப்படியே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். மேலே சொன்ன துணி நாடா பெருவிரல் அகலம் இருக்க வேண்டும் என்றதும் இதனாலேயே; அதையும் விளையாட்டு முடிந்தவுடன் பூனைக்கு எட்டாத இடத்தில் எடுத்து வைத்துவிட வேண்டும்.

எடுத்து வைப்பதில் வேறொரு நன்மையும் உண்டு. ஹாலும் பிராட்ஷாவும் 2002-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தபோது பூனைகள் விரைவில் சலித்தன. சலித்த சிறிது நேரத்தில் வேறொரு பொம்மையைக் கொடுத்ததும் முன்னைவிட ஊக்கத்தோடு விளையாடின. ஆகவே நான்கைந்து எளிய பொருள்களைச் செய்து, ஒன்றை வெளியே வைத்து மற்றவற்றை மறைத்து, சில நாளுக்கு ஒருமுறை மாற்றுவது ஒரு கூடை நிறையப் பொம்மைகளைத் தரையில் கொட்டி வைப்பதைவிட மேலானது. கழுவிக் காயவைத்த நாட்டுக்கோழி இறகு, பனையோலையில் முடைந்த சிறு கிலுகிலுப்பை, உள்ளங்கைக்குள் அடங்கும் கம்பளித் துணி உருண்டை ஆகியவை போதும். கிலுகிலுப்பைக்குள் ஒரு கல்லுக்கு மேல் இருந்தால் ஒலி கூடிவிடும்.

துரத்தவே முடியாத பூனைக்கு என்ன செய்வது? உணவையே விளையாட்டாக்கலாம். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையின் அடி உருண்டையாகவும் கனமாகவும் இருப்பதால் எப்பக்கம் சாய்த்தாலும் அது நிமிர்ந்துவிடுகிறது. இதே தத்துவத்தில், தட்டினால் ஆடி, பக்கத்துத் துளை வழியே ஒவ்வொரு பருக்கையாகத் தீனியை உதிர்த்து, மீண்டும் நிமிரும் கலங்கள் இப்போது விற்கப்படுகின்றன. உடல் நலமுள்ள பூனைக்கு அவை நன்று; தள்ளாடும் பூனைக்கு அந்த ஆட்டமே அச்சத்தைத் தரும். கலிபோர்னியாவில் மிகேல் டெல்கடோ குழுவினர் 2021-இல் வெளியிட்ட ஆய்வு, தட்டில் எளிதாகக் கிடைக்கும் உணவையும் முயன்று எடுக்க வேண்டிய உணவையும் அருகருகே வைத்தால் பூனைகள் பெரும்பாலும் எளிதானதையே நாடுகின்றன என்று காட்டிற்று. ஆகவே முயற்சி மிக இலேசாக இருக்க வேண்டும்.

அதற்கு நாமக்கல்லிலிருந்து மலைக்கு முட்டை ஏறி வரும் அந்தக் காகிதக்கூழ் அட்டை போதும். அதில் ஆறு குழிகள் உள்ள துண்டு ஒன்றை வெட்டி, தரையில் நழுவாதபடி ஈரச் சாக்கின் மேல் வைத்து, உப்பும் வெங்காயமும் சேராமல் வேகவைத்த கோழி இறைச்சியின் நகக்கண் அளவுத் துணுக்குகளை மூன்று குழிகளில் இட வேண்டும். மற்ற மூன்றும் வெறுமையாக இருக்கட்டும். இறைச்சி வெதுவெதுப்பாக இருந்தால் மங்கிய மோப்பத்துக்கும் வாசம் எட்டும். பூனை முதலில் அட்டையின் ஓரத்தை மோக்கும்; பின் மூக்கை விட முடியாத குழிக்குள் காலை விட்டுத் துழாவும்; ஒன்று கிடைத்தபின் வெற்றுக் குழியிலும் தேடும். தேடுவதே விளையாட்டு. கழுத்தை வளைக்க வலிக்கும் பூனைக்காக அட்டையை ஒரு செங்கல் உயரத்தில் தூக்கி வைப்பது நலம். பூண்டும் வெங்காயமும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பதால், குழம்பிலிருந்து எடுத்த கறியை ஒருபோதும் இடலாகாது.

வேளை எது? பூனை விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாகும் உயிர். மாலை விளக்கேற்றும் நேரத்தில், இரவு உணவுக்கு முன், தொலைக்காட்சி அடங்கியிருக்கும்போது ஐந்து நிமிடம். விளையாட்டு முடிந்ததும் உணவு. வேட்டை, பிடித்தல், உண்ணல், உறக்கம் என்னும் இயற்கை வரிசை அதில் நிறைவேறுகிறது. நாளுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் உரிமையாளர் விளையாடிய பூனைகள் வெளியே வேட்டையாடிக் கொண்டுவரும் உயிர்களின் எண்ணிக்கை கால் பங்கு குறைந்தது என்று இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வு 2021-இல் காட்டியிருக்கிறது என்பதால், இம்மலையின் சிற்றுயிர்களுக்கும் இவ்விளையாட்டால் ஆதாயம் உண்டு. பூனை எதிரே அமர்கையில் நேராக முறைக்காமல், கண்களை மெல்ல மூடித் திறப்பது அதை அமைதிப்படுத்தும். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020-இல் இதைச் சோதித்து, பூனையும் அவ்வாறே கண்ணை மூடித் திறந்து மறுமொழி தருவதைக் கண்டனர். வெடிச் சத்தமும் விருந்தினர் கூட்டமும் உள்ள நாள்களில் புதிய பொருள் எதையும் காட்டலாகாது. அந்நாள்களில் பெட்டியும் கம்பளியும் மட்டுமே அதன் தேவை.

இறுதியாக இவ்வூருக்கு ஒரு வேண்டுகோள். ஏற்காட்டுக் கோடை விழாவில் மலர்க் கண்காட்சியோடு நாய்கள் கண்காட்சியும் நடப்பது வழக்கம். நாய் வளர்ப்போர் அங்கே மருத்துவரோடு பேசவும் தம்மைப் போன்றோரைக் காணவும் வாய்ப்புப் பெறுகின்றனர். அஞ்சும் முதிய பூனையைக் கூட்டத்துக்குக் கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் கூடாது. அதனாலேயே அதை வளர்ப்போர் எந்த விழாவிலும் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றனர். பூனை வராமல் அதை வளர்ப்போர் மட்டும் வரும் ஒரு சிறு கூடத்தை விழாவில் அமைக்க இயலாதா? கால்நடை மருத்துவர் ஒருவர், துணி நாடா கட்டிய ஒரு மூங்கில் குச்சி, இரண்டு வாயில் வெட்டிய ஒரு பெட்டி, முட்டை அட்டையின் ஒரு துண்டு, ஆகாத பொருள்களைப் பெரிய எழுத்தில் எழுதிய ஒரு பலகை: இவை போதும். வருவோர் தம் பூனை நடப்பதையும், நாற்காலியில் ஏற முயல்வதையும், படியில் இறங்குவதையும் வீட்டிலேயே கைப்பேசியில் படம் பிடித்து வந்து காட்டட்டும். மருத்துவரின் மேசையில் அஞ்சி உறைந்துபோய் எதையும் காட்டாத உடல், தன் வீட்டுத் தரையில் எடுத்த அந்தப் படத்தில் எந்தக் கால் வலிக்கிறது என்பதைக் காட்டிவிடும்.